காத்திராத வானமும் கணிப்பொறியின் உள்ளமைப்பும்

உதகமண்டலத்திற்கு அணித்தாய், முத்தோரை என்னும் ஊரின் மலைச்சரிவில், வடக்குத் தெற்காக 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுங் கொண்டு கிடக்கும் வானொலித் தொலைநோக்கியை நம் மாணவருட் பலர் கண்டிருப்பர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் அவர்களின் தலைமையிற் கட்டி, 1970-இல் இயக்கத் தொடங்கிய கருவி அஃது. அம்மலைச்சரிவின் சாய்வு ஏறத்தாழ 11 பாகை. உதகையின் அட்சரேகையும் ஏறத்தாழ அதுவே. ஆதலின் சரிவின்மேல் நீளக் கிடத்திய அச்சு, பூமியின் அச்சுக்குத் தானே இணையாய் அமைந்துவிடுகின்றது. அவ்வோரச்சில் மெல்லச் சுழற்றிய அளவிலே ஒரு விண்பொருளைச் சற்றேறக்குறைய ஒன்பதரை மணிநேரம் விடாது நோக்கலாம். 24 பரவளையச் சட்டங்களின்மேல் 1,100 துருவுறா எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பெற்றுள்ளன. அவை திரட்டித் தரும் அலைகளை 1,056 உணர்கொம்புகள் வாங்குகின்றன. ஒரு குன்றின் இயல்பான சரிவையே கருவியின் உறுப்பாக்கிக்கொண்ட இவ்வறிவு வியக்கத்தக்கது.

எனினும் இக்கட்டுரை அக்கம்பிகளைப் பற்றியதன்று. கம்பிகள் வாங்கித் தந்த அலையை எண்ணாக்கிக் கணிக்கும் பொறியைப் பற்றியது. கணிப்பொறியின் உள்ளமைப்பு என்பது பொறியியல் மாணவர் ஆங்கிலச் சொற்களை நெட்டுருப் பண்ணித் தேர்வு எழுதும் பாடமாக இருந்து வருகின்றது. அதனுள் உறையும் வினா ஒன்றே ஒன்றுதான். அவ்வினாவைத் தமிழில் எளிதிற் சொல்லலாம் என்பது எம் கருத்து. கணக்கிடும் உறுப்புக் காத்திராமல் இருப்பதற்கு என் செய்வது? இதுவே அவ்வினா.

முதற்கண், முத்தோரைக் கருவியின் பின்னுள்ள பொறி விரைய வேண்டுவது ஏன் என்று காண்போம். துடிவிண்மீன் எனப்படும் ஒருவகை மீன்கள் உள. இவற்றுள் முதலாவதை 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்னும் ஆராய்ச்சி மாணவி கண்டார். நண்டு நெபுலாவினுள் உறையும் துடிவிண்மீன் விநாடிக்கு ஏறத்தாழ முப்பது முறை சுழல்கின்றது. ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு துடிப்பை நம்பால் அனுப்புகின்றது. அத்துடிப்பிற் பல அதிர்வெண்கள் கலந்து புறப்படுகின்றன. ஆனால் விண்வெளியிற் பரவிக்கிடக்கும் மின்னணுக்களின் ஊடே வருங்கால், உயர்ந்த அதிர்வெண்ணுடைய அலை முந்தியும் தாழ்ந்த அதிர்வெண்ணுடைய அலை பிந்தியும் வந்து சேர்கின்றன. குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்தினின்று பவனி புறப்படும்போது இளைஞரும் முதியோரும் ஒன்றாகவே புறப்படுவர். மேட்டுத்தெரு ஏறுவதற்குள் இளைஞர் முன்னும் முதியோர் பின்னுமாக நீண்டுவிடுவர். அதுபோன்றதே இதுவும். முத்தோரைக் கருவி கேட்கும் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்சு, அதன் அக்கம்பக்கத்தில் 16 மெகாஹெர்ட்சு அகலமுள்ள பட்டையில் நண்டு மீனின் துடிப்பு வந்து சேருங்கால், தலைக்கும் வாலுக்கும் இடையே விநாடியில் ஐந்திலொரு பங்குக்கு மேல் இடைவெளி விழுந்துவிடுகின்றது. சுழற்சிக்காலமோ ஏறத்தாழ முப்பதிலொரு பங்குதான். எனவே ஒரு துடிப்பின் வால் வருமுன் பின்வந்த ஆறு துடிப்புக்களின் தலைகள் வந்துவிடுகின்றன. ஏழு பவனிகள் ஒரே தெருவிற் கலந்து நிற்குமாயின், எவர் எப்பவனியினர் என்று எங்ஙனம் பிரிப்பது?

பிரிக்கும் வழி கணிதத்தில் உளது. வந்த அலையை அதிர்வெண் அதிர்வெண்ணாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் நேர்ந்த தாழ்வைக் கணக்கிட்டு நீக்கி, மீண்டும் ஒன்றாகச் சேர்த்தல் வேண்டும். ஃபூரியர் மாற்றம் என்பது இதற்குரிய கருவி. முத்தோரையில் இதனை உடனுக்குடன் செய்தற்கென அமைக்கப்பெற்ற பாண்டர் என்னும் ஏற்பாட்டைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை 2015-இல் வெளிவந்தது. பழைய அமைப்பை அகற்றாது, அதனோடு கூடி இயங்குமாறு அஃது அமைக்கப்பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 16 மெகாஹெர்ட்சு அகலமுள்ள பட்டையை இழப்பின்றிப் பதிவு செய்ய வேண்டுமாயின், விநாடிக்கு அதன் இருமடங்கு, அஃதாவது 3.2 கோடி முறை, அலையின் உயரத்தை அளந்து எண்ணாக்க வேண்டும். ஓர் எண்ணுக்கு ஒரு பைட் வீதம் எழுதினாலும் ஒரு மணிநேரத்திற்கு 11,500 கோடி பைட்டுக்கு மேலாகின்றது. இரவில் மந்தை காத்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்த தாவீதுக்கு ஓய்வு இருந்தது. இப்பொறிக்கு அவ்வோய்வு இல்லை. எண்கள் வந்துகொண்டே இருக்கும். பொறி ஒரு விநாடி பின்தங்கினால் அவ்விநாடிக்குரிய வானம் போனது போனதே. மறுமுறை அனுப்புமாறு விண்மீனை வேண்டிக்கொள்ள இயலாது.

பொறியின் உறுப்புக்கள் யாவை? எண்களைக் கூட்டியும் பெருக்கியும் ஒப்பிட்டும் பார்க்கும் கணக்ககம் ஒன்று. எந்நேரத்தில் எதனைச் செய்க என ஏவும் கட்டுப்பாட்டகம் ஒன்று. எண்களையும் ஏவல்களையும் வைத்துக்கொள்ளும் நினைவகம் ஒன்று. வாங்கும் வாயில், கொடுக்கும் வாயில் என இரண்டு. 1945-இல் ஜான் வான் நாய்மன் பெயரால் வெளிவந்த அறிக்கை இவ்வமைப்பை வகுத்துரைத்தது. எக்கெர்ட், மாக்லி முதலிய உடனுழைத்தோர்க்கும் அதிற் பங்குண்டு என்பர். பெயரென்னவோ ஒருவருக்கே வாய்த்தது. முத்தோரைக் கருவியைக் கட்டிய நிறுவனத்தாரே பம்பாயில் நரசிம்மன் அவர்களின் தலைமையில் 1960-இல் இயக்கிய டிஃப்ராக் என்னும் கணிப்பொறியும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள் கொண்ட அப்பொறியில் ஒரு சொல் என்பது 40 இரும இலக்கங்கள்.

இங்கே ‘சொல்’ என்றது எம் கற்பனையன்று. பொறியாளர் தாமே, ஒருங்கே கையாளப்படும் இலக்கத்தொகுதியைச் சொல் என்றே வழங்குகின்றனர். எழுத்து, சொல், பொருள் என மூன்றாக வகுத்த தொல்காப்பியத்தைப் பயில்வோர்க்கு இது நகை விளைக்கும். இப்பொறியிடம் எழுத்தும் சொல்லும் உள, பொருளதிகாரம் மட்டும் இல்லை. ஆயினும் சிலேடை உண்டு. நினைவகத்திற் கிடக்கும் ஒரு சொல், ஏவலாகவும் இருக்கலாம், எண்ணாகவும் இருக்கலாம். பார்வைக்கு வேற்றுமை இல்லை. ஏவலை எடுக்கும் வேளையில் எடுத்தால் ஏவல். எண்ணை எடுக்கும் வேளையில் எடுத்தால் எண். காளமேகத்தின் சிலேடையிற் போல, ஒரே தொடர் படிக்கும் முறையால் இருபொருள் படுகின்றது. இதனாலேயே ஏவல்களை மாற்றுவதற்குக் கம்பிகளைப் பிடுங்கி மாட்ட வேண்டிய பண்டைத் தொல்லை நீங்கிற்று. இதனாலேயே ஒரு தீங்கும் பிறந்தது. ஏவலுக்கும் எண்ணுக்கும் இல்லம் ஒன்றேயாதலின், இரண்டும் ஒரே வழியாகக் கணக்ககத்திற்கு வந்து சேர வேண்டியதாயிற்று. ஒற்றையடிப் பாதையில் எதிரெதிர் வரும் வண்டிகளைப்போல ஒன்றுக்காக ஒன்று நிற்கின்றது. காத்திருப்பு என்னும் நோயின் தோற்றுவாய் இதுவே.

அந்நோயின் அளவை எண்ணாற் காண்க. இக்காலத்து மையச் செயலகம் ஒன்று விநாடிக்கு 300 கோடி முறை துடிப்பதாகக் கொள்வோம். வானத்தினின்று வரும் எண்களோ விநாடிக்கு 3.2 கோடி. ஆகவே ஓர் எண்ணுக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 94 துடிப்புக்களே. பிரதான நினைவகத்திற்குச் சென்று ஒரு சொல்லை எடுத்துவர ஆகும் நேரமோ ஏறத்தாழ 300 துடிப்புக்கள். எண் ஒவ்வொன்றுக்கும் ஒரேயொரு முறை நினைவகம் சென்று காத்து நின்றாலும் பொறி தோற்றது; கூட்டலும் பெருக்கலும் இன்னும் தொடங்கவேயில்லை. கணக்ககம் எத்துணை விரைவுடையதாயினும் இதற்கு மருந்தாகாது. இதனைப் பாடநூல்கள் முதற் பக்கத்தில் வைக்காது நடுப்பகுதியில் ஒளித்து வைத்திருப்பது ஏனென எமக்கு விளங்கவில்லை.

முதல் மருந்து, நினைவகத்தைப் படிப்படியாக அடுக்குதல். ஒரு துடிப்பை ஒரு விநாடியாக நீட்டிப் பார்த்தால் இவ்வடுக்கு நன்கு விளங்கும். கட்டுரை எழுதும் மாணவன் கையிற் பிடித்திருக்கும் ஏட்டை நோக்க ஒரு விநாடி. இது செயலகத்தினுள் உள்ள பதிவகம். மேசைமேல் விரித்திருக்கும் அகராதியைப் புரட்ட நான்கைந்து விநாடி. இஃது ஆங்கிலத்திற் கேஷ் எனப்படும் சிறு நினைவகம். கல்லூரி நூலகத்திற்கு எழுந்து சென்று வர ஐந்து நிமிஷம். இது பிரதான நினைவகம். சுழலும் காந்தத் தட்டிலிருந்து எடுப்பதாயின் ஏறத்தாழ ஓராண்டு! மலையிறங்கிச் சென்னை கன்னிமரா நூலகத்திற்கு நடந்தே சென்று மீண்டாலும் அத்துணைக் காலம் ஆகாது.

கேஷ் என்பதைப் ‘பதுக்ககம்’ எனச் சிலர் தமிழாக்குகின்றனர். மூலச்சொல்லின் பொருள் அதுவேயாயினும், பதுக்கல் என்றவுடன் அரிசி மூட்டை நினைவிற்கு வருவதால், ‘கைந்நினைவகம்’ என்னலாம் என்பது எம் விருப்பம். இச்சிறு நினைவகம் பயன்படுவதற்குக் காரணம், கணக்குக்கள் ஒரு பழக்கமுடையன என்பதே. இப்பொழுது எடுத்ததையே மீண்டும் எடுப்பர். இல்லையேல் அதற்கு அடுத்ததை எடுப்பர். ஆகவே ஒரு சொல்லை வேண்டினால், அதன் அயலிலுள்ளனவும் சேர்ந்து, பல பொறிகளில் 64 பைட்டாக, ஒருங்கே வருகின்றன. நான்கு பைட் எண்களாயின் பதினாறு. 300 துடிப்பைப் பதினாறு எண்கள் பங்கிட்டுக்கொள்ள, தலைக்குப் பத்தொன்பது துடிப்பே விழுகின்றது. தோற்ற பொறி பிழைத்தது.

ஆயினும் நம் துடிவிண்மீன் கணக்கு அத்துணை எளிதில் விடுவதாயில்லை. நண்டு மீனின் துடிப்பு விநாடியில் ஐந்திலொரு பங்குக்கு மேல் நீண்டு கிடப்பதால், அவ்வளவு நேரத்தில் வந்த எண்கள், ஏறத்தாழ 70 இலட்சம், ஒருசேர நினைவகத்தில் இருந்தாக வேண்டும். மேசையளவே உள்ள கைந்நினைவகத்தில் இவை அடங்குதல் அரிது. அன்றியும் ஃபூரியர் மாற்றத்திற்கு வழங்கும் விரைவு முறை, அடுத்தடுத்த எண்களை மட்டும் கூட்டுவதன்று. முதல் எண்ணோடு தொலைவிலுள்ள எண்ணைக் கூட்டும், பின்னர் இன்னுந் தொலைவிலுள்ளதைக் கூட்டும். அயலாரை அழைத்துவரும் பழக்கம் ஈண்டுப் பயன்படாது. மேலும் ஓர் எண்ணுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கூட்டல் பெருக்கல்கள் வேண்டும். துடிப்புக்கு ஒரு செயல் என்றால் 94-இல் முடியாது. வேறு மருந்து வேண்டும்.

நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலையிற் புகுந்து பார்த்தவர்க்கு இரண்டாம் மருந்து புதிதன்று. பறித்த கொழுந்தை முதலில் வாட்டுவர்; பின் உருட்டுவர்; பின் புளிக்க வைப்பர்; பின் உலர்த்துவர்; இறுதியிற் சலித்துத் தரம் பிரிப்பர். ஒரு பாத்தி முழுதும் சலிக்கப்பட்ட பிறகுதான் அடுத்த கொழுந்தை வாட்டுவோம் என எந்தத் துரையும் சொல்லார். ஒன்று உலரும்போதே வேறொன்று உருள்கின்றது, அதற்கடுத்தது வாடுகின்றது. ஒரு தனி இலை உள்ளே சென்று வெளிவரும் காலம் இதனாற் குறையவில்லை என்பதை நோக்குக. நாளொன்றுக்கு வெளிவரும் நிறையே மிகுகின்றது. செயலகமும் இவ்வாறே ஏவலை எடுத்தல், பொருளறிதல், செய்தல், விடையெழுதுதல் எனப் பகுத்துக்கொண்டு, ஓர் ஏவல் செய்யப்படும்போதே அடுத்ததன் பொருளை அறிகின்றது, அதற்கடுத்ததை எடுக்கின்றது. பைப்லைன் என்பது இதன் பெயர்.

இடையூறு எங்கே எனின், ‘இவ்விடை சுழியாயின் அவ்வழிச் செல்க’ என்னும் நிபந்தனை ஏவலிலே. விடை வருமுன் அடுத்த ஏவல் எதுவெனத் தெரியாதாகையால், பொறி ஊகித்து ஒரு வழியிற் செல்கின்றது. ஊகம் தவறின் செய்த வேலையைக் கைவிட்டு மீள்கின்றது. கைவிட்ட ஊகங்கள் கைந்நினைவகத்தில் விட்டுச்சென்ற அடிச்சுவடுகளைக்கொண்டு இரகசியங்களைத் திருடலாம் என்பது 2018-இல் வெளிப்பட்டு, உலகெங்குமுள்ள பொறியாளரைத் துயிலெழுப்பிற்று. காத்திராமைக்கும் ஒரு விலையுண்டு.

பாண்டர் ஏற்பாட்டின் உயிர்நிலை மூன்றாம் மருந்திலுள்ளது. அதிற் கணக்கின் சுமையைத் தாங்குவது வரைவியல் செயலகம். முதன்முதல் விளையாட்டுக்களுக்குப் படம் வரைவதற்கென்றே எழுந்த இனம். இதனைத் தேயிலைத் தோட்டத்தில் வைத்தே விளக்கலாம். மேஸ்திரி ஒருவர் ஏவ, நிரை நிரையாக நிற்போர் அனைவரும் ஒரே வேலையைச் செய்கின்றனர், செடிமட்டும் ஆளுக்கொன்று. ஏவல் ஒன்று, கைகள் பல. மையச் செயலகமோ, தேர்ந்த கைவினைஞர் ஒருசிலர் தத்தமக்குரிய வேறுவேறு வேலையை விரைந்து செய்யும் பட்டறை. ஓர் அலைத்துணுக்குக்குச் செய்யும் பெருக்கலையே 70 இலட்சம் துணுக்குக்கும் செய்ய வேண்டுமிடத்துப் பட்டறை பயன்படாது, தோட்டமே வேண்டும். அன்றியும் ஒரு குழுவினர் நினைவகத்தினின்று எண் வருமென்று நிற்குங்கால், மேஸ்திரி அவர்களை நிற்கவிட்டு எண் கிடைத்துவிட்ட வேறு குழுவினரை ஏவுகின்றார். அவர்கள் நிற்கும்போது முன்னவர்க்கு எண் வந்துவிடும். 300 துடிப்புக் காத்திருப்பு அழியவில்லை. எவரோ ஒருவர் எப்பொழுதும் உழைத்துக்கொண்டிருப்பதால் மறைந்துவிட்டது. ஆனால் நிரையிற் பாதிப்பேர் கொழுந்து பறிக்கவும் பாதிப்பேர் கவாத்துச் செய்யவும் நேர்ந்தால், ஒரு பாதி வேலை செய்கையில் மறு பாதி சும்மா நிற்கும். நிபந்தனைகள் மலிந்த கணக்குக்கு இச்செயலகம் ஏலாதது இதனாலேயே. உவமையில் ஒரு குறையும் உளது. தோட்டத்திற் பறிக்கும் தாய்மார் இரண்டிலையும் ஒரு மொட்டும் எதுவெனத் தாமே கண்டு கிள்ளுகின்றனர். பொறியின் கைகளுக்கு அக்கண் கிடையாது.

இவ்வளவும் உள்ளமைப்பு. இதனோடு மாணவர் மயங்கும் பிறிதொரு சொல் கட்டடக்கலை என்பது. வேற்றுமை எளிது. வெண்பாவிற்கு விதி ஒன்றே; தளையும் சீரும் வரையறுக்கப்பட்டவை. அவ்விதிக்குள் நின்று எவ்வாறு பாடுவது என்பது புலவர் பாடு. ஏவல்களின் பட்டியலும் அவற்றின் பொருளும் யாப்பு விதி போன்றன, அதுவே கட்டடக்கலை. அவ்விதியை நிறைவேற்றக் கைந்நினைவகம் எத்துணை, பைப்லைனில் எத்தனை நிலை என்பன உள்ளமைப்பு. 1964-இல் ஐ.பி.எம். நிறுவனம் ஒரே ஏவற்பட்டியலுக்குச் சிறிதும் பெரிதுமாகப் பல பொறிகளை அறிவித்த நாள்முதல் இப்பிரிவு நிலைபெற்றது. நம் நாட்டில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் பேராசிரியர் காமகோடி அவர்களின் வழிகாட்டலில் உருவாக்கிய சக்தி என்னும் செயலகக் குடும்பம், எவரும் உரிமைக்கட்டணமின்றி எடுத்தாளத்தக்க ரிஸ்க்-ஃபைவ் என்னும் ஏவற்பட்டியலைப் பின்பற்றுகின்றது. 2018-இல் அதன் சில்லு ஒன்று அமெரிக்காவிலும் மற்றொன்று நம் சண்டிகரிலும் வார்க்கப்பெற்றன. வார்ப்படம் வேறு; யாப்பு ஒன்றே.

எஞ்சியது வாயில்களின் செய்தி. வானத்தினின்று வரும் ஒவ்வோர் எண்ணையும் மையச் செயலகம் தன் கையாலே வாங்கி நினைவகத்தில் வைக்குமாயின், அதற்கு வேறு வேலை செய்ய இயலாது. ஆதலின் இத்தகைய பொறிகளில் வாங்கும் வாயிலே நேரே நினைவகத்தில் எழுதிக்கொள்ள உரிமை தரப்படுகின்றது. ஒரு பத்தாயம் நிறைந்ததும் வாயில் மணியடிக்கும். குறுக்கீடு என்பர் இதனை. செயலகம் அப்பொழுதுதான் திரும்பிப் பார்க்கும். நிறைந்த பத்தாயத்தைக் கணக்குக்கு அனுப்பும். அதற்குள் வாயில் மற்றொரு பத்தாயத்தை நிரப்பத் தொடங்கியிருக்கும். இரண்டு பத்தாயங்களுள் எப்பொழுதும் ஒன்று நிறைந்துகொண்டும் மற்றொன்று வற்றிக்கொண்டும் இருக்கும். வற்றுவது நிறைவதைவிட ஓர் இமைப்பொழுதேனும் முந்துமாயின் நோக்கு முழுதும் இழப்பின்றி நடைபெறும். பிந்துமாயின், பிந்திய அளவு கூடிக்கூடி எண்கள் கீழே சிந்திவிடும்.

முந்தியதாயின், கலந்து வந்த ஏழு பவனிகளும் பிரிகின்றன. ஒன்பதரை மணிநேரம் கருவி மேற்கே சாய்ந்து ஓய்ந்தபின், சுழற்சிக்கு ஒன்றாக, முப்பதிலொரு விநாடி இடைவெளியிட்டு, நண்டு மீனின் துடிப்புக்கள் தட்டில் தனித்தனியே எழுதப்பெற்றுக் கிடக்கும்.